செவஸ்தி வீட்டுப் பெட்டி

எரிந்துபோன மோட்டாரையோ இஸ்திரிப் பெட்டியையோ யாராவது என் முன்னால் கொண்டுவந்து வைத்தால், ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன் அந்த வீட்டுப் பெண்ணைப் பார்த்து, "இதைச் சரி பண்ணணுமா, வேண்டாமா?" என்று ஒரு தடவை கேட்பேன். இதற்காகக் காப்பிக் கடையில் என்னைக் கேலி செய்கிறார்கள். நிக்கித்தாஸுக்கு வயசாகிவிட்டது, உடம்பு வணங்கவில்லை என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? நாற்பது வருஷமாகக் கிரேக்க நாட்டின் இந்தக் கார்ப்பதோஸ் தீவில் கரண்டு வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்டது செவஸ்தி அக்காவிடம். கேட்க வேண்டிய நாளில் கேட்காமல் விட்டு, பதிமூன்று வருஷம் கழித்துக் கற்றுக்கொண்டேன்.

செவஸ்தியை எங்கள் ஊர்க்காரி என்று ஊர் சொல்லும். அவள் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் பண்ணிக்கொண்டது எல்லாம் அமெரிக்காவில், பால்டிமோரில். ஆனால் அவள் அம்மாவின் வீடு இங்கே, கோயிலுக்கு மேல் தெருவில் இருந்தது. எங்கள் தீவில் தாயின் வீடு மகனுக்குப் போகாது. மூத்த மகளுக்குத்தான். இளையவளுக்கு ஒரு கரண்டிகூடக் கிடையாது. அப்படித்தான் ஒன்பது வயதில் ஒரே ஒரு கோடை வந்து பார்த்த வீடு செவஸ்தியின் தலையில் விழுந்தது. தங்கை அன்னா அதை மன்னிக்கவே இல்லை. எங்கள் பெண்களோ, "கொடுத்து வெச்சவ" என்று பெருமூச்சு விட்டார்கள்.

அவள் புருஷன் மினாஸ் இங்கேயே பிறந்தவர். அமெரிக்காவில் பாலங்களுக்குப் பெயின்ட் அடித்தவர். நாற்பத்தேழு வயதில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போயிற்று. கம்பெனி பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. கால் வளர்ந்ததும் ஓடிப்போன ஊருக்குக் கால் நொண்டியதும் திரும்பி வர ஆசை வந்துவிட்டது. வீடு என்ற பேரில் ஒரு கோழிக்கூடுகூட அவருக்கு இங்கே கிடையாது. பெண்டாட்டி வீடு இருக்கிறதே, போதாதா?

செவஸ்திக்கு அங்கே டொலோரஸ் என்ற போலந்துக்காரத் தோழியோடு பாதிக்குப் பாதி ஒரு பியூட்டி பார்லர் இருந்தது. இரண்டே இரண்டு நாற்காலி. ஜன்னலோர நாற்காலி செவஸ்தியுடையது. அழுது, சண்டை போட்டு, கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இரண்டு வருஷம். பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போவது. டொலோரஸ் அந்த நாற்காலியைக் காலியாகவே வைத்திருப்பாள். இது தற்காலிகம்தான் என்று நம்ப வைப்பதற்காக மினாஸ் வீட்டுச் சாமான்கள் ஒன்றையும் விற்கவில்லை. எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றினார். "போறப்போ அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போலாம்" என்றாராம். நான்கு பேர் தூக்கிய ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், இஸ்திரி, ரொட்டி சுடும் மெஷின், காப்பி காய்ச்சும் பாத்திரம், மின்சார வாணலி, ஹீட்டர், பார்லரில் பெண்கள் தலையை உள்ளே விட்டு உட்காரும், காலூன்றி நிற்கிற ஒரு டிரையர். ஊரே வேடிக்கை பார்த்தது.

அந்த நாட்டுக் கரண்டு நூற்றுப்பத்து. நம்முடையது இருநூற்று இருபது. ஆகவே சாமான்களோடு ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வந்தது. சாம்பல் நிற இரும்புப் பெட்டி, இரண்டு பேர் தூக்க மூச்சு வாங்கும். அதை மாடிப்படிக்கு அடியில் வைத்து, அதிலிருந்து மூன்று அறைக்குத் தனியாக ஒயர் இழுத்து, அமெரிக்க பிளக்குகளின் தட்டைக் கால்கள் போகிற மாதிரி சாக்கெட் வைத்தது நான்தான். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. இஸ்திரி ஓடினால் டிரையர் நிற்க வேண்டும். ஹீட்டர் போட்டால் துணி துவைக்கக் கூடாது. போதாக்குறைக்கு ராப்பகலாக அது ரீங்காரம் போடும். ஃப்ரிட்ஜ் இருப்பதால் அணைக்கவும் முடியாது.

வேலை முடிந்த அன்று செவஸ்திக்குப் பாடம் எடுத்தேன். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது, அவளுக்கு நாற்பத்திரண்டு. கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டேன்.

"அக்கா, இங்க பாருங்க. இந்தப் பீங்கான் கட்டையில மெல்லிசா ஒரு கம்பி கட்டியிருக்கேன். பாரம் ஜாஸ்தியானா இது உருகிரும், பெட்டி பிழைச்சுக்கும். அவசரத்துக்கு ஆணி கீணின்னு எதையாவது சொருகி வெச்சீங்கன்னா இது உருகாது. பெட்டி வெந்துரும்."

"வெந்தா?"

"வெந்தா அவ்ளோதான். இந்தத் தீவுல யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அன்றைக்கு அது உண்மை. நான் அப்போது பம்பு மோட்டாருக்கே செப்புக் கம்பிக் காயில் சுற்றத் தெரியாதவன்.

ஒரு வாரத்தில் மறுபடி ஆள் அனுப்பினாள். சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த பால்டிமோர் மின்சாரக் கடிகாரம் தப்பாக ஓடுகிறது என்றாள். நான் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"கடிகாரத்துல ஒண்ணுமில்லக்கா. அங்க கரண்டு நொடிக்கு அறுவது தடவை துடிக்குது. இங்க அம்பது. வோல்டேஜைப் பெட்டி குறைச்சுக் கொடுத்துரும். துடிப்பை மாத்த அதால ஆகாது. உங்க கடிகாரம் அந்தத் துடிப்பை எண்ணித்தான் ஓடுது."

அவள் விரலை விட்டுக் கணக்குப் போட்டாள். "அப்ப இங்க ஒரு மணி நேரம் ஓடினா இது அம்பது நிமிசம்தான் காட்டும்."

"ஆமா. சாவி கொடுக்கிற கடிகாரம் ஒண்ணு வாங்கிக்கங்க."

"வேண்டாம், இருக்கட்டும்" என்றாள். "இந்த வீட்டுக்கு இதுதான் சரியான மணி."

சிரித்தபடிதான் சொன்னாள். நானும் சிரித்தேன். பிறகு அந்த வீட்டுக்குப் போகப்போக எனக்கு அந்தச் சிரிப்பு மறந்துவிட்டது. ஏதாவது ஒரு பிளக் தளர்ந்து மாதம் ஒரு முறையாவது கூப்பிடுவாள். எங்கள் பெண்கள் அப்போது பின்னலைத் தலைக்குட்டைக்குள் மறைத்துக் கட்டுகிறவர்கள், அவளிடம் முடி வெட்டிக்கொள்ள யார் வருவார்கள்? கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு பெண், ஈஸ்டருக்கு இரண்டு பெண். மற்ற நாட்களில் மத்தியானம் முழுக்க அவளே டிரையருக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருப்பாள். மடியில் எப்போதும் அதே பழைய பத்திரிகை.

"முடி காயலையாக்கா இன்னும்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"முடி ஈரமே இல்ல நிக்கித்தா. இதுக்குள்ள இருந்தா அந்தப் பெட்டிச் சத்தம் கேக்காது."

காற்று அடித்தால் கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் தபால் வராது. தபால் வந்தால் டொலோரஸின் கடிதம் இருக்கும், அதை அவள் கிணற்றடியில் நின்றே படிப்பாள். வீட்டுக்குள் கொண்டுபோகமாட்டாள்.

இரண்டு வருஷம் முடிந்த அன்று அவள் மேஜைமேல் பயணப் பெட்டிகளை எடுத்து வைத்துவிட்டாள். மினாஸ் என்ன செய்தார் தெரியுமா? சமையலறைக் கடிகாரத்தைக் காட்டி, "இதுப்படி பார்த்தா இன்னும் நாலு மாசம் பாக்கி இருக்கே" என்றார். அதைக் காப்பிக் கடையில் வந்து வேறு சொன்னார். கடை சிரித்தது. இருபத்துநான்கு மாதத்தில் ஆறில் ஒரு பங்கு போனால் இருபது மாதம், கணக்கு சரி என்று சான்று கொடுத்தவன் அடியேன். என் நாக்கில் சூடு வைக்க வேண்டும்.

அந்த நாலு மாதமும் போயிற்று. அப்போது வேறு சாக்கு. செவஸ்தி தனியாகப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கே போவாள்? பார்லரில் அவள் பங்கை விற்று வந்த பணத்தை மினாஸ் இந்த வீட்டின் மேல்மாடிக் கூரையில் போட்டுவிட்டார். நாற்காலி மட்டும்தான் அவளுக்காகக் காத்திருந்தது, சம்பளத்துக்கு. தங்கை அன்னா, "உனக்குத்தான் வீடு இருக்கே, அங்கேயே இரு" என்று எழுதிவிட்டாள். பெண்டாட்டி வீட்டில் பெண்டாட்டி இல்லாமல் ஒரு ஆண் இருந்தால் எங்கள் ஊர் அவனை நாய்க்குச் சமமாகப் பேசும். அதை நினைத்தும் அவள் தயங்கினாள். நல்லவளாக இருப்பதில் இதுதான் கஷ்டம்.

பிறகு ஈஸ்டர் நோன்புக்கு முந்தின கார்னிவல் வாரம் வந்தது. காப்பிக் கடையில் கூட்டம், ஆளுக்கு இரண்டு கிளாஸ் உள்ளே போயிருந்தது. நான் வம்புக்கு இழுத்தேன்.

"ஏன் மினாஸண்ணே, உங்க பெட்டி ஒரு நாளைக்கு மண்டையைப் போட்டா என்ன பண்ணுவீங்க? ஏதென்ஸ் போய் நம்ம நாட்டு மெஷினா பார்த்து வாங்குவீங்களா?"

"நானா? ஒரு சாமானை ரெண்டு தடவை வாங்குறதுக்கு நான் என்ன கப்பல் முதலாளியா? அந்தப் பெட்டி செத்த அன்னிக்கு செவஸ்தி கையைப் பிடிச்சுக் கப்பல் ஏறிருவேன். மாதா மேல சத்தியம். எல்லாரும் கேட்டுக்கங்க."

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். மினாஸிடம் ஆயிரம் குறை சொல்லலாம். ஊர் முன்னால் மாதா பேரில் சொன்ன வார்த்தையை மட்டும் அவர் மீறியது கிடையாது. ஒரு தடவை பந்தயத்தில் தோற்று, நொண்டிக்கொண்டே மலைக்கோயிலுக்கு வெறுங்காலில் நடந்தவர். சத்தியச் செய்தி அன்று மாலைக்குள் செவஸ்தியின் காதுக்குப் போய்விட்டது. டொலோரஸின் கடைசிக் கடிதமும் அந்த வாரம்தான் வந்தது. ஜூன் மாதம் வரைதான் நாற்காலி, அதற்குமேல் தாங்காது, வேறு ஆள் வைக்கப்போகிறேன் என்று.

நோன்பு தொடங்கி பத்து நாள் இருக்கும். காலை பதினோரு மணிக்கு போன் பண்ணினாள். "நிக்கித்தா, பெட்டி போயிருச்சு. வந்து பாரு."

தெருமுனையிலேயே நாற்றம். வார்னிஷ் வெந்த நாற்றம் எங்கள் தொழில்காரனுக்குப் பிண நாற்றம் மாதிரி. வாசற்கதவு அகலத் திறந்திருந்தது. செவஸ்தி சமையலறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, காதில் தோடு போட்டு, பால்டிமோரிலிருந்து வந்திறங்கிய அன்று போட்டிருந்த நீலக் கோட்டு. மினாஸ் திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தார்.

"நல்லா பாரு" என்றாள். "பார்த்துட்டு மினாஸ்கிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டாரு. நீ சொன்னா நம்புவாரு."

எங்கள் தொழிலில் முதல் வேலை, எதைத் தொடுவதற்கு முன்னாலும் எல்லாவற்றையும் அணைப்பது. கை தானாகவே போகும். இஸ்திரி ஆனில் இருந்தது, அணைத்தேன். வாணலி, அணைத்தேன். காப்பிப் பாத்திரம், ரொட்டி மெஷின், ஹீட்டர், வாஷிங் மெஷின், டிரையர். ஏழும் ஆனில் இருந்தன. ஒன்றொன்றாக அணைத்துக்கொண்டே போனேன், அவள் உட்கார்ந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, எல்லாமே ஆன்ல இருக்கே."

"ஆமா" என்றாள். அவ்வளவுதான்.

மாடிப்படிக்கு அடியில் குனிந்து பீங்கான் கட்டையை இழுத்தேன். மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கொண்டை ஊசிகள். பார்லரில் வைக்கிற கறுப்புக் கொண்டை ஊசி, இரண்டையும் ஒழுங்காக ஜோடி சேர்த்து, முனை மடக்கி, திருகாணியில் இறுக்கியிருந்தது. நானே கட்டியிருந்தாலும் அவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருக்கமாட்டேன்.

எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பாதி புரிந்தது. அந்தப் பாதியை நானே அமுக்கினேன். பாவம், ஃபியூஸ் போயிருக்கும், தெரியாத்தனமாகச் சொருகியிருக்கிறாள், மினாஸ் பார்த்தால் வீடு ரெண்டாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊசிகளை உருவி, யாருக்கும் தெரியாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பு.

உபகாரம் அதோடு நிற்கவில்லை. அந்தக் குளிர்காலம் பிரேயஸ் துறைமுகத்தில் ஒரு கிழவனிடம் இரண்டு மாதம் உட்கார்ந்து காயில் சுற்றக் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். நாலைந்து பம்பு மோட்டாருக்குச் சுற்றியும் விட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றியதில்லை. தோட்டத்திலிருந்து மினாஸ் வந்ததும், பெட்டியைப் பார்த்து அவர் முகம் வெளுத்தது. கொடுத்த சத்தியம் தொண்டையில் நின்றது. "செத்துருச்சா நிக்கித்தா?" என்றார். செவஸ்தி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

ஒரே ஒரு வார்த்தை. 'செத்துருச்சு' என்று சொல்லியிருந்தால் போதும்.

"சாகலண்ணே, மயக்கம்தான்" என்றேன். "எங்கிட்ட விடுங்க. ஈஸ்டருக்குள்ள எழுப்பித் தரேன்."

முப்பத்தைந்து நாள், அதுவும் நோன்புச் சாப்பாடு, ஆலிவும் ரொட்டியும் தின்றுகொண்டு சுற்றினேன். வெந்த கம்பியை அவிழ்த்து எண்ணி, புதுக் கம்பி வரவழைத்து, ஒவ்வொரு சுற்றாக. இரண்டு தடவை தப்பிப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். பெரிய வெள்ளிக்கு முதல் நாள் கொண்டுபோய் மாட்டினேன். ரீங்காரம் வந்தது, முன்னைவிடக் கொஞ்சம் சன்னமாக. மினாஸ் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

ஈஸ்டர் அன்று அவர் வீட்டில் அரிசி திணித்து அடுப்பில் வைத்த ஆடு. பாதி ஊர் வந்திருந்தது. "இந்தக் கையைப் பாருங்கய்யா, செத்ததை எழுப்பின கை" என்று என் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். எங்கள் வழக்கப்படி வேலை செய்தவனுக்கு வீட்டுக்காரி வாழ்த்துச் சொல்ல வேண்டும். மினாஸ், "சொல்லு செவஸ்தி" என்றார். அவள் கிளாஸை என் முன்னால் வைத்து, "உன் கை நல்லா இருக்கட்டும், நிக்கித்தா" என்றாள். நான் வெட்கப்பட்டேன். பெருமையில் வந்த வெட்கம்.

ஜூன் வந்தது, போயிற்று. டொலோரஸ் வேறு பெண்ணை வைத்துவிட்டாள். செவஸ்தி அதற்குப்பிறகு மினாஸிடம் பால்டிமோர் பேச்சையே எடுக்கவில்லை என்று கேள்வி. ஊர்ப் பெண்கள், "இப்பத்தான் அடங்கினா" என்றார்கள். நீலக் கோட்டை நான் மறுபடி பார்க்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து தூசி தட்டிவிட்டு வருவேன். நன்றாகச் சுற்றியிருந்தேன், அது சாகிற மாதிரியே தெரியவில்லை.

அப்படியே பதிமூன்று வருஷம். மினாஸ் ஒரு நாள் திராட்சைத் தோட்டத்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நாற்பதாம் நாள் காரியத்துக்குக் கோயிலில் வேகவைத்த கோதுமை கொடுத்து முடிந்த மறுவாரம் செவஸ்தி போன் பண்ணினாள்.

"பெட்டியைக் கழட்டி எடுத்துட்டுப் போ. எனக்கு ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் போதும், நம்ம நாட்டுது. ரோட்ஸ் தீவுலேர்ந்து வருது."

போனேன். வழக்கம்போல எல்லாவற்றையும் அணைத்தேன். கடைசியாகப் பெட்டியை அணைத்தேன். ரீங்காரம் நின்றது. சமையலறைச் சுவரில் கடிகார முள் நின்றது. வீட்டுக்குள் இருந்துகொண்டே தெருவில் யாரோ ஆட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. இந்த வீட்டில் அது கேட்கும் என்று எனக்கே தெரியாது.

"இனிமே நீங்க போலாமேக்கா, பால்டிமோருக்கு" என்றேன். ஏதாவது பேச வேண்டுமே என்று பேசியது.

"யார்கிட்ட? டொலோரஸ் போய் நாலு வருசமாச்சு. கடை இருந்த எடத்துல பல்லு டாக்டர் இருக்கானாம். அன்னா போன் பண்ணினா வீடு எப்படியிருக்குன்னுதான் கேப்பா, நான் எப்படியிருக்கேன்னு கேக்கமாட்டா. எனக்கு அம்பத்தெட்டு வயசாச்சு நிக்கித்தா."

எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷமாக என் டூல்ஸ் பெட்டியின் அடியில் ஒரு தீப்பெட்டிக்குள் அந்த ஊசிகள் கிடந்தன. எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"அக்கா, அன்னிக்கு இது கட்டையில இருந்துச்சு. அண்ணன் பார்த்தா உங்களைத் தொலைச்சிருவாருன்னு நான் எடுத்து ஒளிச்சு வெச்சேன். இன்னிவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் ஊசிகளைத் தொடாமல் பார்த்தாள்.

"உனக்குத்தான் வெச்சேன்" என்றாள்.

"என்னக்கா?"

"மினாஸுக்கு அது என்னன்னே தெரியாது. உனக்கு மட்டும்தான் தெரியும். நீதானே சொல்லிக் கொடுத்தே. நீ பார்த்தா புரிஞ்சுக்குவேன்னுதான் வெச்சேன். கதவைத் திறந்து வெச்சுட்டு, ஒரு சுவிட்சையும் அணைக்காம, கோட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். வாயால கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. நீ ஒவ்வொண்ணா அணைச்சுக்கிட்டே போனே."

நான் மாடிப்படிக்கு அடியில் குனிந்து பெட்டியின் ஒயர்களைக் கழட்ட ஆரம்பித்தேன்.

"கோவமெல்லாம் போயிருச்சு" என்றாள். "ஒண்ணே ஒண்ணுதான் அப்பப்ப நினைச்சுக்குவேன். அவ்வளவு நல்லா வேலை தெரிஞ்சவன், ஒரே ஒரு தடவை, தெரியலைன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தேன். ஐம்பத்தொரு வயதில் ஒற்றை ஆளாக அதை எப்படித் தூக்கினேன் என்று இன்றும் தெரியவில்லை. வாசலில் ஒரு நிமிடம் நின்றேன். வேலை முடித்துக் கிளம்புகிறவனுக்கு வீட்டுக்காரி சொல்கிற வாழ்த்துக்காக நிற்பது எங்களுக்குப் பழக்கம், கால் தானாக நிற்கும். செவஸ்தி பின்னாலேயே வந்தாள்.

"பார்த்துப் போ நிக்கித்தா," என்றாள், "படி இருக்கு."